படித்துறை மாமரத்து மரவாழை

என் மீனாக்காவுக்கு,

நீ இருக்கிற இடத்தில் காற்று அடிக்குமா? இங்கே அடித்தது. இந்தத் தடவை இடவப்பாதி மழை ஆள் அடையாளம் கேட்டுக்கொண்டு வந்த மாதிரிதான் கரமனைக்குள் நுழைந்தது. ஒவ்வொரு காற்றுக்கும் நான் எழுந்து ஜன்னலுக்கு ஓடி, படித்துறை மாமரம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து உட்காருவேன். உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் அடுத்த காற்று. ஃபோனில் வேறு மஞ்சள் எச்சரிக்கை, ஆரஞ்சு எச்சரிக்கை என்று யாரோ வேலை மெனக்கெட்டு எனக்கென்றே அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

சிரிக்காதே. நாய்க்குப் பயம், லாரிக்குப் பயம், லிஃப்டில் ஏறப் பயம், கடையில் கரண்ட் போனால் இன்வெர்ட்டர் வெடித்துவிடுமோ என்று பயம். தமிழில் பயந்தாங்கொள்ளி என்றால் எனக்கு உறைக்கவில்லை என்று, மலையாளத்தில் ‘பேடித்தொண்டா’ என்று கூப்பிட ஆரம்பித்தவள் நீ. தெருவில் பாதிப் பேருக்கு என் நிஜப் பெயரே அதுதானோ என்று சந்தேகம் இருந்தது. எல்லாம் சரி. ஆனால் இந்தத் தடவை நான் பயந்தது எனக்காக இல்லை. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

முதலில் நல்ல செய்தி. மரவாழை பூத்தது.

மேடம் கழிந்து இடவம் பிறந்த கையோடு, நம் வைகாசியில், மாமரத்தின் பெரிய கவையில், இரண்டு தடிக்கிளைகள் பிரிகிற இடத்தில் இருக்கிற அந்தப் பெரிய தூறு பூத்தது. கற்றாழை மாதிரித் தடித்த இலைகளுக்கு அடியிலிருந்து சரம் சரமாகக் கீழே இறங்கியது. வெளிர்மஞ்சள் இதழ், நடுவில் அரக்கு நிறத்தில் ஒரு கோடு. மற்ற கிளைகளில் நீ கட்டிவைத்த தூறுகள் வழக்கம்போல ஆளுக்கு ஒன்றோ இரண்டோ சரம்தான் விட்டன. இது மட்டும் எந்த வருஷமும் இல்லாத பூப்பு. மரம் தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

தெருவே கூடிவிட்டது. கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளைகள் லீவு நாளில் வந்து, ஆர்க்கிட் ஆர்க்கிட் என்று அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கோவிலுக்குப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே பார்த்துக் கும்பிட்டார்கள். “டீச்சராக்கும் வந்திருக்கறது” என்று உன்னைச் சொல்லி ராமநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யார், நம் ராமநாதன்! ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் செக்ரட்டரி! காரில் சருகு விழுகிறது, புல்லுருவி பிடித்த மரம், இதை வெட்டித் தொலைக்க வேண்டும் என்று வீடு வீடாகக் கையெழுத்துக்கு அலைந்த மனுஷன்.

அன்றைக்கு நீ அவரை நடுத்தெருவில் நிறுத்திவைத்துச் சொன்னது இப்போதும் என் காதில் இருக்கிறது. “புல்லுருவி மரத்தை உறிஞ்சும், ராமநாதன். இது மரவாழை. மரத்து மேல சும்மா குடியிருக்கறது. சாப்பாடு கேக்காது, சத்தம் போடாது. உங்காத்துல வந்து உக்காந்திருக்காரே உங்க மச்சினர், அவரைவிடத் தேவலை.” மச்சினர் மாடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் யாரும் கையெழுத்து என்று வரவில்லை.

அதே ராமநாதன்தான் உனக்கு போர்டு வைத்தார். ‘மீனாட்சி டீச்சர் நினைவு மரம்.’ பெயிண்ட் காய்வதற்குள் மழை வந்து, டீச்சர் மட்டும் கொஞ்சம் வழிந்துவிட்டாள். கீழே யாரோ விளக்கு வைக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். உயிரோடு இருந்தபோது உன்னோடு முகம் கொடுத்துப் பேசாதவர்கள் எல்லாம், காலேஜில் பாட்டனி எடுத்த எங்கள் மீனாட்சி டீச்சர் என்று சொந்தம் கொண்டாடினார்கள். செத்துப்போனால் இத்தனை மரியாதை கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் நீ அப்போதே யோசித்திருப்பாய்.

எல்லோரும் மேலே பார்த்தார்கள். நான் கீழே பார்த்தேன். கவைக்கு நேர் கீழே, பூக்கூடையை மடிக்கு முன்னால் வைத்துக்கொண்டு செல்லத்தாய் உட்கார்ந்திருந்தாள்.

செல்லத்தாயை உனக்கு நான் சொல்ல வேண்டாம். ஆனால் இதை வேறு யாராவது படித்தால் அவர்களுக்குத் தெரியட்டும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த புருஷனோடு வந்தவள். அவன் போனபின், பழவங்காடியில் பூ விற்க இடம் கிடைக்காமல் கூடையோடு அலைந்தவளை நீதான் பஸ்ஸில் கூட்டிவந்தாய். “இங்க இரு. கோவிலுக்குப் போறவா எல்லாரும் இந்த வழியாத்தான் போகணும். நெழலும் இருக்கு” என்று மாமரத்தடியைக் காட்டினாய். அன்றுமுதல் அவள் அங்கேதான். மதியம் வியாபாரம் ஓய்ந்தால் வேரில் தலைவைத்து ஒரு தூக்கம்கூடப் போடுவாள்.

நான் ஏன் கீழே பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியும்.

நம் வேலை எப்படி நடந்தது என்று கொஞ்சம் நினைத்துப் பார்க்கிறேன். சாலையை அகலப்படுத்த எங்கே மரம் வெட்டினாலும் உனக்கு யாராவது ஃபோன் செய்துவிடுவார்கள். நீ சாக்கையும் வெட்டுக்கத்தியையும் எடுத்துக்கொள்வாய். நான் பழவங்காடியில் என் ஃபோட்டோஸ்டாட் கடை ஷட்டரை இழுத்துவிட்டு உன் பின்னால் ஓடிவர வேண்டும். இருவருக்கும் கல்யாணம் என்று ஒன்று வாய்க்கவில்லை, அதனால் ஏன் என்று கேட்கவும் ஆளில்லை. விழுந்து கிடக்கிற கிளைகளின் மேல் ஏறி நின்று, மரவாழைத் தூறுகளை வேர் அறுந்துவிடாமல் உரித்து எடுப்பாய். நான் ஹைவே ஓரத்தில் நின்று லாரிகளுக்குக் கை காட்டிக்கொண்டிருப்பேன். “லாரி உன்னை இடிக்காதுடா, அதுக்கு நேரமில்லை” என்பாய்.

வீட்டுக்கு வந்ததும் தேங்காய்நாரை ஊறவைத்து, தூறுகளைப் படித்துறை மாமரத்தில் காலை வெயில் படுகிற பக்கமாகப் பார்த்துக் கட்டுவாய். நான் கீழே மூங்கில் ஏணியைப் பிடித்துக்கொண்டிருப்பேன். கண்ணை மூடிக்கொண்டுதான். விழப்போவது நீ, கண்ணை மூடுவது நானா என்று திட்டுவாய். கவையில் இருந்த தூறு மட்டும் நீ கட்டினதல்ல. அது தானாக வந்து முளைத்தது. எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறது என்று உனக்கே தெரியாது.

போன ஐப்பசித் துலாமழைக்கு முன்னால் நீ கடைசியாக ஏணி ஏறினாய். கடைசி என்று நம் இருவருக்கும் தெரியாது. ஒவ்வொரு தூறாகப் பார்த்து, அதற்கு ஏச்சும் பேச்சுமாகப் போய்க்கொண்டிருந்த உன் குரல் திடீரென்று நின்றது. நீ பேச்சை நிறுத்தினால் ஏதோ விபரீதம். கண்ணைத் திறந்து பார்த்தேன். ஒடிந்த குடைக்கம்பி ஒன்றைக் கவையில் இருந்த தூறுக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தாய். கம்பி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் உன் விரல் பிடித்திருந்த நுனி மட்டும் வெளியே நின்றது.

“என்னாச்சு அக்கா?”

நீ இறங்கி வந்தபின்தான் பதில் சொன்னாய். “உள்ளே இத்துப்போயிருக்கு, மணி. அதான் இதுக்கு இத்தனை கொழுப்பு. வேற மரவாழைக்கு பட்டை போறும். இந்த ஜாதிக்கு இத்த மரம் கெடைச்சா சக்கரைப்பொங்கல்.”

“அப்போ ராமநாதன்கிட்ட சொல்லிடலாமே?”

“ஒருத்தர்கிட்டயும் பறையாதே. சொன்னா நாளைக்கே அடியோட வெட்டிடுவா, கேட்டியா? வேனல் வரட்டும். நான் பாத்துக்கறேன்.”

வேனல் வந்தது. நீ கார்த்திகையிலேயே போய்விட்டாய். காப்பி கலக்கப் போனவள் அடுக்களையில் உட்கார்ந்தாய், அவ்வளவுதான். நெஞ்சு என்றார்கள். மரத்தைப் பற்றி நினைக்க எனக்கு எங்கே நேரம் இருந்தது? பூ வந்துதான் நினைவுபடுத்தியது. தெரு கைதட்டின அந்தப் பூ எனக்கு மட்டும் ஸ்கேன் ரிப்போர்ட்டாகத் தெரிந்தது. இத்தனை சரம் விட்டிருக்கிறது என்றால் உள்ளே எவ்வளவு இற்றுப்போயிருக்க வேண்டும்?

அக்கா, நீ ஏன் அன்றைக்கே சொல்லவில்லை? ராமநாதனிடம் வேண்டாம், கார்ப்பரேஷனிடம் வேண்டாம். கீழே உட்கார்ந்திருந்தவளிடமாவது?

நான் என்னால் ஆனதைச் செய்து பார்த்தேன். முதலில் செல்லத்தாயிடம் போய், எதிர்ப்பக்கம் டீக்கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் வியாபாரம் நன்றாக நடக்குமே என்றேன். அவள் நாரைப் பல்லில் கடித்தபடி என்னைப் பார்த்தாள்.

“என்ன சாரே, திடீர்னு? இது டீச்சரம்மா காட்டுன எடம்லா. நான் எங்க போவேன்?”

“மழை நாளாக்கும். கிளை ஏதாவது…”

“பூத்துக் குலுங்குத மரம் விழுமா? நீங்க கடைக்குப் போங்க சாரே. நேரமாச்சு.”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் அடுத்து என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கேள்விக்குப் பயந்து, உலகத்தில் யாரும் செய்யாத ஒரு காரியம் செய்தேன். காலையில் அவள் வருவதற்கு முன்னால் அவள் உட்காருகிற இடத்தில் வெல்லப்பாகைக் கொட்டிவிட்டு வந்தேன். எறும்பு வந்தால் இடம் மாறுவாள் இல்லையா? எறும்பு வந்தது. ஊரில் உள்ள எறும்பெல்லாம் வந்தது. அவள் நின்று பார்த்துவிட்டு, ஒரு வாளி ஆற்றுத்தண்ணீரை எடுத்து ஊற்றிக் கழுவி, மஞ்சள்தூளைத் தூவிவிட்டு, பழையபடி உட்கார்ந்துவிட்டாள். வெல்லம் போனதுதான் மிச்சம்.

அதற்கப்புறம் கடைக்குப் போனாலும் வேலை ஓடவில்லை. ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்தால் மூன்று பக்கம் எடுத்து நீட்டினேன். தகரக் கூரையில் காற்று தட்டினால் கை நின்றுவிடும். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால், அது கிள்ளிப்பாலம் தாண்டி கரமனைப் பக்கம் போகிறதா என்று தெருவுக்கு வந்து பார்ப்பேன். எனக்குப் பயம் புதிதில்லை. ஆனால் நான் பயந்த நாய் ஒருநாளும் கடித்ததில்லை, லாரி இடித்ததில்லை. இந்த ஒன்று மட்டும் நிஜமாகவே நடந்துவிடும் என்று வயிறு சொல்லிக்கொண்டே இருந்தது.

ஒருநாள் மதியம் மழை விட்டிருந்த நேரத்தில் கடையிலிருந்து வந்தபோது, செல்லத்தாயின் கூடைக்குள் கைத்தடி அளவுக்கு ஒரு காய்ந்த கொம்பு கிடந்தது. அவள் அதை எடுத்து வெளியே போட்டுவிட்டு, நசுங்கின பிச்சிப்பூவைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் கூடைக்குப் பதில் தலை. நான் நேராக ராமநாதன் வீட்டுக்குப் போனேன்.

“மரம் உள்ளே இத்துப்போயிருக்கு. கவை எப்ப வேணா விழும். உடனே வெட்டணும்” என்றேன்.

ராமநாதன் வெற்றிலையை மென்றபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீயாக்கும் பறையறே? டீச்சரோட தம்பி?”

“நானேதான்.”

“எத்தனை பூ பூத்திருக்குன்னு கண்ணால பாத்தியோ இல்லியோ? ஆரோக்கியம் இல்லாத மரத்துல இத்தனை பூ எப்படிடா வரும்? ஒனக்குக் காத்தடிச்சா பேடி, மழை பெஞ்சா பேடி. அந்தப் பேடிக்கு உங்கக்கா நினைவு மரத்தை வெட்டணுமா? கஷ்டம்! அவ இருந்திருந்தா ஒன்னைச் செவிட்டுல அறைஞ்சிருப்பா.”

அவர் வீட்டு வாசலில் நின்றிருந்த இரண்டு பேரும் தலையாட்டினார்கள். பூ மரவாழையினுடையது, மாமரத்தினுடையதல்ல என்று அவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க என்னால் முடியவில்லை. நீ இருந்தால் ஒரே வாக்கியத்தில் முடித்திருப்பாய். ஆத்திரம்தான் வந்தது. எனக்கு ஆத்திரம் வருவதே அபூர்வம், அதனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போய் மூங்கில் ஏணியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு படித்துறைக்கு வந்துவிட்டேன்.

ஏணியைச் சாத்தினபிறகுதான் பிடிக்க ஆளில்லை என்பது உறைத்தது. பின்னாலேயே வந்த ராமநாதன் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். செல்லத்தாய்தான் கூடையை ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்து வந்து இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்தாள். “ஏறுங்க சாரே. டீச்சரம்மா பூவப் பாக்கணும்னா பாத்துட்டு வாங்க” என்றாள். நான் பூ பார்க்கத்தான் ஏறுகிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். பாதியில் கீழேயிருந்து குரல் வந்தது. “சாரே, நீங்க ஆடுதியளா, ஏணி ஆடுதா?” வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. மேலே போனால், பக்கத்தில் பார்க்க அந்தப் பூ எவ்வளவு சின்னது! கீழிருந்து பார்த்த பிரம்மாண்டம் எதுவும் இல்லை. மெல்லிய ஒரு வாசனை. தூறைச் சற்று விலக்கி, அடியில் கை விட்டேன். பாம்பு இருக்கும் என்று நினைத்தேன், ஆனாலும் விட்டேன். கை முழங்கை வரை போனது. உள்ளே சில்லென்று ஈரம். ஒரு பிடி அள்ளி எடுத்தேன். காப்பிப்பொடி மாதிரி கறுப்பாக, சொதசொதவென்று வந்தது.

“ராமநாதன், இந்தாங்கோ உங்க ஆரோக்கியம்!” என்று அவர் காலடியில் போட்டேன். இன்னொரு பிடி. இன்னொரு பிடி. உள்ளே இருந்து வந்துகொண்டே இருந்தது. அவர் குனிந்து தொட்டுப் பார்த்தார். அவர் முகம் மாறியதை மேலேயிருந்து பார்த்தேன்.

அப்போதுதான் மரம் முனகியது. சத்தம் என்று சொல்ல முடியாது. ஏணி சாய்ந்திருந்த கிளைக்குள் ஏதோ புரண்டு படுத்த மாதிரி, என் உள்ளங்கையில் தெரிந்தது. என் உடம்பு பாரம் முழுவதும் அந்த இற்ற கிளையின் மேல். அதற்கு நேர் கீழே, தலையை அண்ணாந்து என்னைப் பார்த்தபடி செல்லத்தாய். அவளை அங்கேயிருந்து நகர்த்த வெல்லம் கரைத்தவன் நான். அந்த இடத்திலேயே அவளைக் கட்டிப்போட்ட மாதிரி நிறுத்தி வைத்ததும் நான்.

“ஏணியை விடு! ஓடு!” என்று கத்தினேன்.

“நீங்க மொதல்ல எறங்குங்க!”

“விடு செல்லத்தாய்! கிளை வருது!”

“விட்டா நீங்க விழுந்துருவிய. எறங்குங்கன்னா எறங்குங்க!”

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கால் தரையில் பட்டதும் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டீக்கடை வரை ஓடினேன். கிளை விழவில்லை. டீக்கடைக்காரர் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். டம்ளர் என் பல்லில் அடித்துக்கொண்டது. செல்லத்தாய் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ரவிக்கை முழுவதும் அந்தக் கறுப்புப்பொடி சிதறியிருந்தது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ராமநாதனே ஓடியாடி அனுமதி வாங்கினார். கயிறு கட்டி, கிளைகளைத் துண்டு துண்டாக இறக்கினார்கள். கவையை இறக்கியபோது, அதற்குள் ஒரு குழந்தை உட்காருகிற அளவுக்குப் பொந்து. அடிமரம் மட்டும் ஆள் உயரத்துக்கு நிற்கிறது, அது கெட்டி என்றார்கள். போர்டைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ராமநாதன் எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னார்: “மரத்துக்குள்ளே இப்படின்னு டீச்சருக்குத் தெரிஞ்சிருந்தா முதல்ல அவளே கோடாலியை எடுத்திருப்பா.” எல்லோரும் ஆமாம் என்றார்கள். நான் சாக்கை விரித்துத் தூறுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கே கட்டுவது? பலாமரத்தைக் காட்டினார்கள், கோவில் மதிலோரத்து மரத்தைக் காட்டினார்கள். நான் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்தேன். இனி எனக்கு எந்த மரத்தின் மேலும் நம்பிக்கை இல்லை, அக்கா. படித்துறைக்கு மேலே ஆற்றுச்சரிவில் துருத்திக்கொண்டு நிற்கிற பாறை நினைவு வந்தது. பாறையிலும் இது பிடிக்கும் என்று நீதானே சொல்வாய்? பாறை இற்றுப்போகாது. யார் தலையிலும் விழாது. பேடித்தொண்டனுக்கு ஏற்ற இடம்.

மறுநாள் செல்லத்தாய் தானாகவே உதவிக்கு வந்தாள். அவள் ஆற்றில் நாரை நனைத்துப் பிழிந்து கொடுக்க, நான் பாறை இடுக்குகளில் திணித்து, அதன்மேல் தூறுகளை வைத்துக் கயிற்றால் இறுக்கினேன். கவையில் இருந்த பெரிய தூறை இருவருமாகத் தூக்கி வைத்தோம். அதில் இன்னும் சில பூக்கள் இருந்தன. கயிற்றை நான் முடிச்சுப் போடும்போது அவள் கேட்டாள்.

“டீச்சரம்மாக்கு இது தெரியுமா சாரே?”

எத்தனையோ நாளாக நான் பயந்துகொண்டிருந்த கேள்வி. ‘தெரியாது’ என்ற பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. தெருவே அதைத்தான் நம்புகிறது. சொல்லியிருந்தால் அவளும் நம்பியிருப்பாள், உன் பெயரும் போர்டில் இருக்கிறபடியே இருந்திருக்கும். ஆனால் ஏணியை விடு என்று கத்தினபோது விடாமல் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

“தெரியும் செல்லத்தாய்.”

“எப்பருந்து?”

“துலாமழைக்கு முன்னாலேருந்து.”

அவள் கையிலிருந்த நாரைப் பிழிந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் வடிந்து தீர்ந்தபிறகும் பிழிந்தாள். “எனக்கு ஊர்ல ரெண்டு பொட்டப்புள்ள கெடக்குன்னு அவுகளுக்குத் தெரியும்லா” என்றாள். நாரைப் பாறைமேல் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு படியேறிப் போய்விட்டாள்.

கர்க்கடகம், நம் ஆடி, பிறந்துவிட்டது. அவள் இப்போது டீக்கடைப் பக்கம் உட்காருகிறாள். நீ போன நாளிலிருந்து தினமும் ஒரு முழம் பிச்சிப்பூவை நம் வீட்டு கேட்டில் சுற்றிவைத்துவிட்டுப் போவாள், உன் படத்துக்கு. ‘மீந்தது சாரே’ என்பாள். மீந்த பூ அத்தனை புதிதாக இருக்காது என்று எனக்குத் தெரியும், கேட்டதில்லை. அன்றிலிருந்து கேட்டில் பூ இல்லை. நேரில் பார்த்தால் தலையாட்டுகிறாள். அவ்வளவுதான். பூ இல்லாத உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மரவாழை பாறையில் வேர் பிடிக்குமா என்றும் தெரியவில்லை. தினம் போய்ப் பார்க்கிறேன். இலை சுருங்கின மாதிரித் தெரிகிறது, என் கண்ணுக்குத்தான் அப்படியா என்றும் புரியவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது அக்கா. இறந்தவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு இருக்கிறது. அந்தத் துலாமழை முழுவதும் காற்று அடிக்க அடிக்க நீ அடுக்களையில் இருந்தாய், அவள் அங்கே இருந்தாள்.

ஆனால் நீ ஏணியிலிருந்து இறங்கின அன்று உன் கையை நான் பார்த்தேன். தரைக்கு வந்த பிறகும் ஏணிக்கழியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாய். விரல் நடுங்கியது. வயசாகிவிட்டது என்று நினைத்தேன். நடுக்கத்தைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர்கள் இந்தக் கரமனையில் யார் இருக்கிறார்கள்? அது வயசு இல்லை. ஊர் ஊராகப் போய்ச் சாக்கில் சுமந்துவந்து சேர்த்ததெல்லாம் ஒரே நாளில் தரைக்கு வந்துவிடும் என்று நீ பயந்துபோனாய். பயம் வந்தால் கண்ணுக்கு முன்னால் இருக்கிற ஆள் மறைந்துவிடுவார். வாய் பூட்டிக்கொள்ளும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். எனக்குத் தெரியும். வாழ்நாள் முழுவதும் அந்த வீட்டில்தான் நான் குடியிருந்தேன். நீயும் ஒருநாள் அங்கே வந்தாய், என்னிடம்கூடச் சொல்லாமல்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். யார் கேட்டாலும் உனக்குத் தெரிந்திருந்தது என்றே சொல்வேன். ராமநாதனிடமும் சொல்வேன், போர்டை மறுபடி மாட்டுவதா வேண்டாமா என்று அவரே முடிவு செய்யட்டும். நாளைக் காலை டீக்கடைப் பக்கம் போய், செல்லத்தாயின் கூடைக்கு முன்னால் நின்று, உனக்காக மன்னிப்புக் கேட்பேன். எனக்காகவும் கேட்பேன், நானும் வாயை மூடிக்கொண்டிருந்தவன்தானே. அவள் என்ன சொல்வாளோ என்று இப்போதே கை நடுங்குகிறது, எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். நடுங்கட்டும். போவேன். அவள் மன்னிக்காவிட்டால் மறுநாளும் போவேன். என் அக்கா கெட்டவள் இல்லை, பயந்துபோனாள் என்று சொல்வேன். மீனாட்சி டீச்சர் பயந்தாள் என்றால் இந்தத் தெருவில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். நான் நம்புகிறேன்.

உன்னைப் போலவே பயந்தவன்,
உன் கூடப்பிறந்த தம்பி,
மணி